றோட்டில் படுத்திருந்த மாடு என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

நெத்தலியாற்றடி | செவ்வாய், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். கை நடுக்கம் இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் நாளைக்கு என்று வைத்தால் எழுதமாட்டேன், அதனால் இப்பவே எழுதுகிறேன்.

இன்று இரவு எட்டரை மணி இருக்கும். விசுவமடுவில் இருந்து புதுக்குடியிருப்புப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டு அரை மணித்தியாலம்தான், றோட்டு நனைந்து கறுப்பாகக் கிடந்தது. எதிரே ஒரு டிப்பர் முழு லைற்றோடு வந்தது. நான் இரண்டு தரம் டிம் அடித்துக் காட்டியும் குறைக்கவில்லை. அது என்னைக் கடந்து போனதும் எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருட்டு என்றால் சும்மா இருட்டு இல்லை, அந்த லைற் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு நின்றுகொண்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்தது. இரண்டு மூன்று வினாடி போயிருக்கும். கண் தெளிந்தபோது முன்சில்லுக்குக் கிட்ட ஒரு கறுத்த நாம்பன் படுத்திருக்கிறது. பிறேக் பிடித்துச் சறுக்கி, கிரவலுக்குள் இறங்கி, எப்படியோ விழாமல் நின்றுவிட்டேன். நாம்பன் எழும்பவும் இல்லை, அசை போட்டபடி கிடந்தது.

யாரில் பிழை என்று பேசுவதற்காக இதை எழுதவில்லை. என் கண் திறந்துதான் இருந்தது, என் லைற் எரிந்துதான் இருந்தது, மாடும் அந்த இடத்தில்தான் படுத்திருந்தது. அப்படியிருக்க ஏன் எனக்குத் தெரியவில்லை? எனக்கு 47 வயது, கண்ணாடி போடுவதில்லை. இது கண்ணில் உள்ள வருத்தமா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா?

இன்னொன்று. எங்கள் வீட்டிலும் 11 மாடு நிற்கிறது. அவையும் இரவில் றோட்டுக்குப் போவதுண்டு. கொம்பில் சிவப்புத் துணி கட்டிவிடு, தூரத்திலேயே தெரியும் என்று மச்சான் சொல்கிறார். அது சரிவருமா?

பட்டிக்காரன் | செவ்வாய், இரவு 10.40

கடவுளே, தப்பினீர்கள் தம்பி. காலபோகம் விதைத்த பிறகு மாட்டை வயலுக்குள் விடமுடியாது, மேய்ச்சல் தரை என்று சொல்ல எங்களுக்கு இடமும் இல்லை. மழை பெய்தால் காணியெல்லாம் சதசத என்று நிற்கும். தார் றோட்டு பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும், அங்கேதான் காய்ந்த இடமும் சூடும் இருக்கிறது, அதுதான் மாடு அங்கே போகிறது.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. டோர்ச் அடித்தால் மாட்டின் கண் பச்சையாக மினுங்குமே, நாங்கள் காட்டுக்குள் மாடு தேடுவதே அந்த மினுக்கத்தை வைத்துத்தான். தம்பிக்கு ஏன் அது தெரியவில்லை?

குளக்கட்டு | செவ்வாய், இரவு 11.25

35 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான், இந்தக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டிருந்தால் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு இதையே எடுத்திருப்பேன். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. மாடு உங்களுக்குத் தெரிவதென்றால் ஒளி மூன்று வேலை செய்யவேண்டும்: உங்கள் லைற்றில் இருந்து கிளம்பி மாட்டுக்குப் போகவேண்டும், மாட்டில் பட்டுத் திரும்பவேண்டும், திரும்பியது உங்கள் கண்மணிக்குள் நுழையவேண்டும். இதில் எது குறைந்தாலும் மாடு இல்லை.

முதலில், போகிற ஒளியே தூரத்துக்குத் தூரம் ஐதாகும். தூரம் இரண்டு மடங்கானால் அந்த இடத்தில் விழும் வெளிச்சம் கால்பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. 20 மீற்றரில் பளிச்சென்று இருப்பது 60 மீற்றரில் மங்கிப்போவது இதனால்தான்.

அடுத்தது கறுப்பு நிறம். கறுப்பு மயிர் தன்மேல் விழுந்த ஒளியில் பெரும்பங்கை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். மிச்சமாகத் திரும்புவதும் உங்களை நோக்கித் திரும்புவதில்லை. மயிர் மேற்பரப்பு கரடுமுரடு, அதனால் ஒளி எல்லாத் திசைக்கும் சிதறிப்போகும். ஒழுங்கற்ற தெறிப்பு என்று ஒன்பதாம் பத்தாம் ஆண்டில் படித்தது ஞாபகம் இருக்கும். எல்லாப் பக்கமும் பங்கு போனபின் உங்கள் கண்மணி என்ற சின்னத் துவாரத்துக்குக் கிடைப்பது எவ்வளவு என்று யோசியுங்கள்.

இன்னொன்று, மழை. காய்ந்த றோட்டும் கரடுமுரடுதான், ஆகவே உங்கள் லைற்றில் ஒரு பங்கை உங்களுக்கே திருப்பித் தரும், றோட்டு சாம்பல் நிறமாகத் தெரியும், அதன்மேல் கறுத்த மாடு எடுத்துக் காட்டும். மழைத்தண்ணீர் அந்தக் கரடுமுரடை நிரப்பிக் கண்ணாடி போல ஆக்கிவிடுகிறது. இப்போது உங்கள் ஒளி றோட்டில் பட்டு முன்னுக்கே வழுக்கிப் போய்விடும், உங்களிடம் வராது. எதிரே வந்த டிப்பரின் ஒளியோ அதே கண்ணாடியில் பட்டு நேரே உங்கள் கண்ணுக்கு வரும். மாடும் கறுப்பு, றோட்டும் கறுப்பு, மேலும் கீழுமாக இரண்டு டிப்பர் லைற் உங்களுக்கு.

கண்ணுக்குள் நடந்ததை நாளைக்கு எழுதுகிறேன், நேரமாகிவிட்டது.

பட்டிக்காரன் ஐயாவுக்கு: மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் மினுங்கும் ஒரு படை இருக்கிறது. விழித்திரையைத் தாண்டிப் போன ஒளியை அது திருப்பி அனுப்பும், அதனால் மங்கல் வெளிச்சத்தில் மாட்டுக்கு ஒரே ஒளியை இரண்டு தரம் பயன்படுத்தக் கிடைக்கிறது. மான், நாய், பூனை, முதலைக்கும் உண்டு, நமக்கு இல்லை. ஆனால் அது மினுங்கவேண்டுமென்றால் மாடு நம்மைப் பார்க்கவேண்டும். தம்பி கண்ட நாம்பன் மற்றப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்.

நெத்தலியாற்றடி | புதன், காலை 5.50

மாஸ்டர், உண்மை. அதன் முதுகுதான் என் பக்கம் இருந்தது.

பௌதிகம்_பிள்ளை | புதன், காலை 6.30

நான் உயர்தரம் படிக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அண்ணா கோபிக்கவேண்டாம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 16.7 மீற்றர். மூன்று வினாடி கண் தெரியவில்லை என்றால் 50 மீற்றர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம். 40 இல் வந்திருந்தாலும் 33 மீற்றர்.

ஒளியால் இந்தத் தாமதம் வரவில்லை. ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். 30 மீற்றர் தள்ளிக் கிடக்கும் மாட்டுக்குப் போய்த் திரும்ப அதற்கு எடுப்பது வினாடியின் 50 இலட்சத்தில் ஒரு பங்கு. சூரியனில் இருந்து வரவே எட்டு நிமிடமும் சொச்சமும்தான். அப்படியென்றால் மூன்று வினாடியும் கண்ணுக்குள்தானே போயிருக்கவேண்டும்? அங்கே என்ன நடக்கிறது என்பது எனக்கும் தெரியவேண்டும் சேர், பௌதிகத்தில் வில்லையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏ9_சாரதி | புதன், காலை 9.05

நான் 18 வருடமாகப் பாரவாகனம் ஓடுகிறேன். எல்லா டிப்பர்க்காரரும் ஒரே மாதிரி இல்லை, அதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். எதிரே ஆள் வந்தால் டிம் பண்ணவேண்டும், அதில் இரண்டு கதை இல்லை.

ஆனால் இப்போது டிம் பண்ணினாலும் கண் கூசுகிறது. பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே கூட்டுக்குள் எல்ஈடி போடுகிறார்கள். பழைய பல்பின் இழை எந்த இடத்தில் இருக்குமோ அதற்குக் கணக்குப் பார்த்துத்தான் பின்னால் உள்ள குழிவான கண்ணாடியைச் செய்திருக்கிறார்கள். எல்ஈடியில் ஒளி வரும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளிப்போனாலே வெளிச்சம் கீழே றோட்டுக்கு விழாமல் மேலே எழும்பி எதிரே வருபவன் முகத்தில் அடிக்கும். மோட்டார் சைக்கிள்களிலும் இதே கூத்துத்தான். காசு கொடுத்துப் போட்டவனுக்கு வெளிச்சம் கூடினமாதிரி இருக்கும், தனக்கு முன்னால் றோட்டில் விழுவது குறைந்திருப்பது தெரியாது.

சிவப்புத் துணி கட்டுங்கள், நல்ல யோசனை. எந்த வாகனத்துக்கும் பின் லைற் சிவப்புத்தானே.

குளக்கட்டு | புதன், பிற்பகல் 2.15

பிள்ளை சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டாள். கேள் பிள்ளை.

விழித்திரையில் ஒளியை வாங்கும் கலங்கள் இரண்டு வகை. கூம்புக் கலம் ஒரு கண்ணில் ஏறத்தாழ 60 இலட்சம், கோல் கலம் ஏறத்தாழ 12 கோடி. கூம்பு பகல் வேலைக்கு, நிறம் பார்ப்பது அதுதான். கோல் இரவு வேலைக்கு, நிறம் தெரியாது ஆனால் மிகச் சிறிய ஒளிக்கும் எழும்பும். கோலுக்குள் றொடொப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. ஒளி பட்டதும் அது உருமாறி வெளிறிப்போகும், அந்த மாற்றம்தான் நரம்பில் செய்தியாகப் போகிறது. வெளிறியது திரும்பப் பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும். வெளிச்சமான இடத்தில் இருந்து இருட்டுக்குப் போனால் கோல் முழுதாகத் தயாராக அரை மணித்தியாலம் வரை வேண்டும்.

டிப்பரின் லைற் சில வினாடிதான் பட்டது, ஆகவே அரை மணித்தியாலம் போகவில்லை, ஆனால் கண் மாறிவிட்டது. கண்மணி ஒரு வினாடிக்குள் சுருங்கிவிடும், விரிவதற்கோ அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். லைற் பட்ட இடத்துக் கலங்கள் களைத்துப்போய் நிற்கும், அந்த ஊதாப் பொட்டு அதுதான். அதோடு டிப்பர் கிட்ட வரும்போதே அதன் ஒளி கண்ணின் வில்லைக்குள் கொஞ்சம் சிதறி விழித்திரை முழுதும் வெள்ளைத் திரை போலப் படர்ந்துவிடும். மாட்டில் இருந்து வந்த அந்தச் சிட்டிகை ஒளி அந்தத் திரைக்குள் அமுங்கிப்போனது. மாட்டின் ஒளி உங்கள் கண்ணுக்குள் வந்துதான் இருக்கும் தம்பி. வாங்கத்தான் கண் தயாராக இல்லை.

பாலையடி | புதன், மாலை 4.50

மாஸ்டர் சொல்வதைப் படிக்கப் படிக்க எனக்குப் பழைய காலம் கண்முன்னால் வருகிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காத நேரம் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு, அந்த ஒற்றைப் பொட்டு வெளிச்சத்தில்தான் என் பிள்ளைகள் மூன்று பேரும் படித்தார்கள். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகக் கொப்பியைச் சரித்துப் பிடிப்பார்கள். அப்போது நான் இரவு பத்து மணிக்கு எழும்பி விளக்கு இல்லாமலே கிணற்றடிக்குப் போவேன். பாதை தெரியும், வாளி தெரியும், குறுக்கே போகும் பூச்சி பாம்பு தெரியும். இப்போது வீடு முழுக்க பல்ப். முற்றத்தில் காலை வைத்தால் வாசல்படிகூடத் தெரியவில்லை. வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். என் வேலியில் செவ்வரத்தை நிற்கிறது. பொழுது பட்டுக்கொண்டு வரும்போது பார்த்தால் இலை கொஞ்சம் வெளிறித் தெரியும், பூ மட்டும் கறுத்துப் போய்விடும், பிறகு பூ இருக்கிற இடமே தெரியாது. பகலில் ஊருக்கே தெரிகிற சிவப்பு அது. அப்படியென்றால் சிவப்புத் துணி எப்படி மாட்டைக் காட்டும்?

குளக்கட்டு | புதன், மாலை 6.20

அக்கா, நீங்கள் முற்றத்தில் நின்று கண்டதை 19ஆம் நூற்றாண்டில் புர்க்கினே என்ற செக் நாட்டு அறிஞரும் கண்டு எழுதிவைத்தார். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 இல் இருந்து 700 நனோமீற்றர் அலைநீளம் வரை. ஊதா குறைந்த பக்கம், சிவப்பு கூடிய பக்கம். கோல் கலம் 500ஐ அண்டிய நீலப்பச்சைக்குத்தான் நன்றாக எழும்பும், சிவப்புக்கு ஏறத்தாழ எழும்புவதே இல்லை. பொழுது பட, கூம்பு ஓய்ந்து கோல் வேலையை எடுத்துக்கொள்ளும், அந்தக் கணமே செவ்வரத்தை கறுத்துப்போகும். பூ மாறவில்லை, பார்க்கிற ஆள் மாறிவிட்டார்.

ஆகவே தம்பி, சிவப்புத் துணி வேண்டாம்.

ஏ9_சாரதி | புதன், மாலை 7.00

மாஸ்டர், மரியாதையோடு மறுக்கிறேன். 18 வருடம் சிவப்பைப் பார்த்துத்தான் பிறேக் பிடிக்கிறேன். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு ஒரு கிலோமீற்றரில் தெரிகிறது.

குளக்கட்டு | புதன், மாலை 7.30

மறுத்துச் சொன்னது நல்லது. பஸ்ஸில் இருப்பது சிவப்பு விளக்கு, தானே ஒளி தருகிறது, உங்கள் கூம்பை எழுப்பப் போதுமான அளவு தருகிறது. துணி தானாக ஒன்றும் தராது. உங்கள் லைற்றில் உள்ள சிவப்புப் பங்கை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை உறிஞ்சிவிடும். கிட்ட வந்து முழு லைற்றும் பட்டால் சிவப்பாகத் தெரியும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நமக்கு மாடு தெரியவேண்டியது தூரத்தில், லைற்றின் மங்கிய ஓரத்தில். அந்த இடத்தில் சிவப்புத் துணியும் கறுத்த மாடும் ஒன்றுதான். வெள்ளைத் துணி என்றாலாவது பரவாயில்லை.

ஏ9_சாரதி | புதன், மாலை 7.42

சரி, விளங்குகிறது. விளக்கும் துணியும் ஒன்றில்லை.

வெள்ளைச்சீருடை | புதன், இரவு 9.15

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் தாதி. அண்ணா, 47 வயதில் கண் கூசுவது வருத்தம் என்று பயப்படவேண்டாம், ஆனால் காட்டாமல் விடவும் வேண்டாம்.

வயது போகப் போக இருட்டில் கண்மணி முன்போல விரியாது, வில்லையும் மஞ்சளித்துத் தடிக்கும். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பாலையடி அக்கா முற்றத்தில் கண்டதில் பல்புக்கும் பங்கு உண்டு, வயதுக்கும் பங்கு உண்டு. கண்ணில் புரை வரத் தொடங்கினால் முதல் அறிகுறியே பலருக்கு இதுதான், பகலில் எல்லாம் சரியாக இருக்கும், இரவில் எதிர் லைற்றைச் சுற்றி வளையம் தெரியும், கூச்சம் நெடுநேரம் நிற்கும். சலரோகம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் கண்ணைக் காட்டவேண்டும்.

அப்புறம் மாலைக்கண். மாஸ்டர் சொன்ன அந்த றொடொப்சின் செய்ய உடம்புக்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் இரவுப் பார்வைதான் போகும். முருங்கை இலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், முட்டை, எல்லாம் நம் வளவில் உள்ளதுதான். ஆனால் ஏற்கனவே நன்றாகச் சாப்பிடும் ஒருவர் மேலதிகமாகக் கரட் சாப்பிட்டால் இருட்டில் புலிக்குத் தெரிவதுபோலக் கண் தெரியும் என்பது சரியில்லை, குளிசையாக அளவுக்கு மீறி எடுத்தால் தீங்கும் வரும்.

பட்டிக்காரன் | வியாழன், காலை 5.20

ஒன்று சொல்கிறேன், படித்தவர்கள் பிழையென்றால் திருத்துங்கள். பார்வையை விடுகிறோம், கண்ணெறிகிறோம், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்கிறோம். கண்ணில் இருந்து ஏதோ போய்ப் பொருளில் படுகிறது என்றுதானே நம் ஆட்கள் எண்ணியிருக்கிறார்கள். மாஸ்டர் எல்லாம் உள்ளே வருகிறது என்கிறார். காட்டில் மாடு தேடும்போது நான் என்ன நினைக்கிறேனோ அதுதான் கண்ணில் படுகிறது. கண் சும்மா திறந்துகிடக்கும் வாசல் என்று எனக்குப் படவில்லை.

குளக்கட்டு | வியாழன், காலை 8.10

ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் பழைய கிரேக்கர் பலரும் சொன்னார்கள். யூக்கிளிட் கண்ணில் இருந்து கதிர் புறப்படுகிறது என்று வைத்தே கணிதம் எழுதினார். அந்த எண்ணத்தை அசைத்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், ஆயிரம் வருடத்துக்கு முன். ஒளியியலைப் பற்றி 7 பாகமாக எழுதினார். அவர் எடுத்த சாட்சியில் ஒன்று நம் தம்பியின் கதைதான்: மிகப் பிரகாசமான ஒன்றைப் பார்த்தால் கண் நோகிறது, பார்வையைத் திருப்பிய பிறகும் அதன் உரு கண்ணில் நிற்கிறது. கண்ணில் இருந்து கதிர் போவதென்றால் கண் ஏன் நோகவேண்டும்? வெளியில் இருந்து ஒன்று வந்து கண்ணைத் தாக்குகிறது. அந்த ஊதாப் பொட்டுத்தான் சாட்சி.

இன்னொன்றும் செய்தார். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்து, நடுவில் சின்னத் துவாரம் விட்டால், அறைச் சுவரில் விளக்குக்கு ஒன்றாகப் பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் போகும். எல்லா ஒளியும் ஒரே துவாரத்தால் போயும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

ஆனால் ஐயா சொன்னதிலும் பெரிய உண்மை இருக்கிறது. விழித்திரையில் விழும் விம்பம் தலைகீழ், 1604 இல் கெப்ளர் அதை விளக்கினார். அதை நாம் நேராகப் பார்ப்பதும், இருட்டில் ஒரு மங்கலை மாடு என்று அறிவதும் மூளையின் வேலை. எதைத் தேடுகிறோமோ அது முதலில் படும் என்பது சரிதான், ஆனால் தேடுவதற்கு ஏதாவது உள்ளே வரவேண்டும்.

பாலையடி | வியாழன், காலை 9.30

துவாரம் என்றதும் சொல்கிறேன். எங்கள் பழைய கிடுகுக் கொட்டிலில் கூரை ஓட்டையால் வெயில் விழுந்தால் ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் தரையில் வட்டமாகத்தான் விழும். 2019 மார்கழி 26 கங்கண கிரகணத்தன்று காலையில் வேப்பமரத்தடியில் அத்தனை வட்டமும் வளையமாகிப் போனது. பேரப்பிள்ளை மண்ணில் கையை வைத்து ஒவ்வொரு வளையமாக எண்ணினான்.

குளக்கட்டு | வியாழன், காலை 9.55

அவை வெயில் பொட்டு இல்லை அக்கா, ஒவ்வொன்றும் சூரியனின் படம். சூரியன் வளையமானதும் படமும் வளையமானது.

நெத்தலியாற்றடி | வியாழன், பகல் 12.40

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் என் 11 மாட்டுக்கு என்ன செய்வது? சிவப்பு இல்லையென்றால் வேறு என்ன?

ஏ9_சாரதி | வியாழன், பகல் 1.10

வாகனத்துக்குப் பின்னால், உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டுகிற மினுங்கும் டேப். அதுதான் சரி. எனக்கு அரைக் கிலோமீற்றரில் கண்ணில் அடிக்கும்.

பௌதிகம்_பிள்ளை | வியாழன், மாலை 5.35

மாமா சொன்னது சரி, ஏன் என்று இன்றைக்கு வகுப்பில் சேரிடம் கேட்டு வந்தேன். வெள்ளைத் துணி ஒளியை எல்லாப் பக்கமும் சிதறும், முகம் பார்க்கும் கண்ணாடி வேறு பக்கம் திருப்பிவிடும். இந்த டேப் இரண்டும் செய்யாது, ஒளி எங்கிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். ஒரு வகையில் உள்ளே மணலைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு வில்லை, வந்த ஒளியைத் தன் பின்பக்கத்தில் குவித்து, அங்கே தெறித்து, வந்த வழியே வெளியே விடும். இன்னொரு வகையில் மணிக்குப் பதில் மூன்று முகம் சந்திக்கும் சின்ன மூலைகள். வாகனம் ஓடுபவரின் கண் லைற்றுக்குக் கிட்ட இருப்பதால் சிதறிப்போகவேண்டிய ஒளியில் பெரும்பங்கு அவர் பக்கமே திரும்புகிறது. றோட்டோரம் நிற்பவருக்கு மினுங்காது.

வீட்டில் செய்து பார்க்கலாம். அப்பாவின் மழைக்கோட்டில் ஒரு டேப் துண்டு இருக்கிறது, அதை அறையின் மூலையில் தொங்கவிட்டு லைற்றை அணைத்தேன். டோர்ச்சை நெற்றிப் பொட்டோடு வைத்து அடித்தால் வெள்ளைத் தீ மாதிரி எழும்புகிறது. டோர்ச்சைக் கையில் எடுத்துத் தோளுக்கு வெளியே நீட்டி, அதே டேப்பில்தான் அடித்தேன், அணைந்தமாதிரி சாம்பலாகிவிட்டது. கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவரக் கொண்டுவர எரிகிறது. பத்துத் தரம் செய்திருப்பேன். அம்மா பக்கத்தில் நின்று எனக்கு ஒன்றும் தெரியவில்லையே பிள்ளை என்கிறார்.

ஏ9_சாரதி | வியாழன், இரவு 8.20

தங்கச்சி, இதையும் சேர்த்து வை. றோட்டு வெள்ளைக் கோட்டிலும் இந்த மணிதான் தூவுகிறார்கள். ஆனால் கடும் மழையில் கோடு மறைந்துபோகும். இதற்கு என்ன காரணம் மாஸ்டர்?

குளக்கட்டு | வியாழன், இரவு 8.50

மணி வெளியே தெரியும்படி இருந்தால் தண்ணீர் அதை மூடிவிடும். காற்றில் இருந்து கண்ணாடிக்குள் போகும்போது ஒளி எவ்வளவு முறிகிறதோ அவ்வளவு தண்ணீரில் இருந்து கண்ணாடிக்குள் போகும்போது முறியாது, தண்ணீரின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு முறிக்கும் என்று காட்டும் எண், 1.33, கண்ணாடியின் எண்ணுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆகவே குவியும் இடம் தள்ளிப்போகும், திரும்பும் ஒளி குறையும். குளத்தில் மீன் இருக்கும் இடம் பிழையாகத் தெரிவதும், நேர்கீழே பார்த்தால் 12 அடித் தண்ணீர் 9 அடியாகத் தெரிவதும் இதே முறிவால்தான். பிள்ளைகளைக் குளத்தில் இறங்கவிடுபவர்கள் அந்த மூன்று அடியை நினைவில் வையுங்கள்.

தம்பி, மாரிக்கு வாங்குவதென்றால் துணிபோல இருக்கும் சாம்பல் நிறப் பட்டியை வாங்கவேண்டாம். வாகனத்துக்கு ஒட்டும், மேலே வழுவழுப்பான தோல் மூடிய வகையை வாங்குங்கள். மஞ்சளோ வெள்ளையோ எடுங்கள். நெற்றியில் மட்டும் ஒட்டினால் மாடு திரும்பிப் படுத்ததும் பயன் இல்லை, கழுத்தைச் சுற்றி முழு வளையமாகப் போடுங்கள்.

பட்டிக்காரன் | வெள்ளி, காலை 5.30

இறுக்கிக் கட்டவேண்டாம் தம்பி, இரண்டு விரல் போகும் இடம் விடுங்கள். காட்டுக்குள் தடியில் மாட்டினால் அறுந்துபோகிற மாதிரி ஓர் இடத்தில் மெல்லிய நூலால் தைத்துவிடுங்கள். பட்டி போனால் போகட்டும், மாடு கழுத்து இறுகிச் சாகக்கூடாது.

குளக்கட்டு | வெள்ளி, காலை 7.15

அருமை ஐயா. இரவில் ஓடுபவர்களுக்கும் ஒன்று. எதிரே லைற் வந்தால் அதைப் பார்க்கவேண்டாம், வேகத்தைக் குறைத்து இடப்பக்க றோட்டு ஓரத்தைப் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் கோல் கலம் இல்லை, ஆகவே மங்கலான ஒன்றை நேரே முறைத்தால் மறையும், கொஞ்சம் பக்கமாகப் பார்த்தால் தெரியும். இந்த நாட்களில் பொழுது பட்டபின் கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஏறும். குளக்கட்டில் நின்று நேரே பார்த்து எண்ணுங்கள், பிறகு பார்வையைக் கொஞ்சம் விலக்கி எண்ணுங்கள்.

நெத்தலியாற்றடி | ஞாயிறு, இரவு 9.45

நேற்று டேப் வாங்கிவந்தேன். பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் மஞ்சள் டேப்பைச் சுற்றிவர ஒட்டி, ஓரத்தைத் தைத்து, பட்டிக்காரன் ஐயா சொன்னபடி ஓர் இடம் மட்டும் வெள்ளை நூலால் ஒற்றைத் தையல். 11 பட்டிக்கு ஒரு பகல் போனது. நாகு இரண்டும் கழுத்தைக் காட்டவில்லை, மகன்தான் பிடித்துத் தந்தான்.

இன்று இரவு லைற் எல்லாம் அணைத்துவிட்டு வேலியடியில் இருந்து 100 எட்டு நடந்து போய் நின்றோம். எங்கள் கறுத்த நாம்பனை முதலில் பட்டி போடாமல் விட்டுப் பார்த்தேன். டோர்ச்சை நெற்றியில் வைத்து அடித்தேன், வேலிக் கதியால் தெரிகிறது, நாம்பன் இல்லை. மகன் போய்ப் பட்டியைக் கட்டிவிட்டு விலகினான். இருட்டுக்குள் மஞ்சள் வளையம் ஒன்று தனியாக நிற்கிறது, மூச்சு விட மெதுவாக ஏறி இறங்குகிறது. அதன்பிறகுதான் அதைச் சுற்றி ஒரு மாட்டின் வடிவம் எனக்குத் தெரியத் தொடங்கியது. மற்றப் பக்கம் ஒரு பசு திரும்பிப் பார்க்க, பச்சையாக இரண்டு கண்.

மனைவி எனக்கு நாலு எட்டுத் தள்ளி நின்றார். எங்கே மினுங்குகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்றார். டோர்ச்சை வாங்கித் தன் காதோடு வைத்து அடித்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒன்று, இரண்டு என்று 11 வரைக்கும் எண்ணினார்.